எடிட் பண்ணினது நான்தான்

அழுத மூஞ்சியா இருக்கக் கூடாது, இளிக்கவும் கூடாது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூஞ்சி இருக்குமல்ல, அதை வெச்சுக்கிட்டுச் சொல்லு என்று சொல்லிவிட்டு மேனேஜர் லோகு கதவைச் சாத்திக்கொண்டு போனான். நடுவில் ஒரு மூஞ்சி. பிரணேஷ் ஸ்டாண்டில் மாட்டியிருந்த ஆபீஸ் ஃபோனில் தன் மூஞ்சியைப் பார்த்தான். வட்ட லைட்டு ரெண்டு கண்ணுக்குள்ளும் ஆளுக்கொரு வளையத்தைப் போட்டு வைத்திருந்தது. மூக்கு மட்டும் தனியாகப் பெருசாகத் தெரிந்தது. மேலுதட்டில் வளர்ந்தும் வளராமலும் நிற்கிற மீசை, பத்தொன்பது வயசுக்கு இதுவே அதிகம் என்று சலூன்காரர் சொல்வார். சொல்ல வேண்டியதை லோகு அவன் சொந்த ஃபோனுக்கு அனுப்பியிருந்தான். 'வணக்கம். என் பெயர் பிரணேஷ். நான் ஸ்டேட்டஸில் போட்ட ஸ்கிரீன்ஷாட் உண்மை அல்ல. எடிட் பண்ணினது நான்தான். எங்கள் எம்.டி. அவர்கள் கோகிலவாணி அக்காவுக்கு அன்றைக்கே முழு லீவு கொடுத்துவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள்.' இதைச் சொன்னால் வேலை இருக்கும். சொல்லாவிட்டால் இன்றைக்கோடு சரி. இவ்வளவுதான் விஷயம். எம்.டி. அர்த்தநாரி ஏசி ரூமில் உட்கார்ந்து, குரலைக்கூட உயர்த்தாமல், நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னார். சொன்னான். இந்த ரூமுக்குள் சொன்னான் என்றே வைத்துக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள், இன்னும் ரெக்கார்டு பட்டனை அமுக்கவில்லை. "தம்பி, நீ சின்னப் பையன். தெரியாமப் பண்ணீட்டே. ஒரு நிமிச வீடியோ. எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சாங்கன்னா சாயங்காலத்துக்குள்ள அமுங்கீரும்." தெரியாமப் பண்ணினதாம். தெரிந்துதானே பண்ணினான். தெரியாமல் பண்ணினது இந்த ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தது ஒன்றுதான்.

ஆபீஸ் என்றால் என்ன ஆபீஸ், திருச்செங்கோட்டில் ஒரு மாடி, ஏழெட்டு மேசை, அத்தனையிலும் குனிந்த தலை. போர்வெல் போடுகிற ரிக் வண்டி எல்லாம் சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் எவன் காட்டிலோ பூமியைக் குடைந்துகொண்டிருக்கும், இங்கே இருப்பது அந்த வண்டிகளின் வாட்ஸ்அப் மட்டும்தான். வண்டிக்கு ஒரு குரூப், டீசலுக்கு ஒரு குரூப், ஏஜெண்டுகளுக்கு ஒரு குரூப், எல்லாருக்கும் சேர்த்து 'ரிக் குடும்பம்' என்று ஒரு குரூப். அங்கே சேறு கக்குகிற போட்டோ வந்தால் இங்கே நீல டிக் விழ வேண்டும், உடனே விழ வேண்டும், விழாவிட்டால் எம்.டி. கூப்பிடுவான். "ராத்திரி ஒரு மணிக்கு ஆன்லைன்ல இருந்திருக்கறே, குரூப்புல ஒரு ஓக்கே போடக் கை வலிக்குதா." எவளோ ஒரு கிளாஸ்மேட்டு கோயம்புத்தூர் காலேஜில் கல்ச்சுரல்ஸ் ஆடுகிற ரீல்ஸை வீட்டில் போர்வைக்குள் படுத்துப் பார்த்ததுகூட எம்.டி.க்குக் கணக்கு. குளிக்கப் போனால் பிரணேஷ் ஃபோனைப் பால் கவருக்குள் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டுக் குளித்தான். ஃபோன் சட்டைப்பையில் இருக்கும்போதே தொடையில் அதிர்வது போல இருக்கும். ஃபோனே இல்லாத தொடை எதுக்கு அதிருது என்று ஒருநாள் லோகுவிடம் கேட்டான். "எனக்கும் அதிருதுடா, எல்லாருக்கும் அதிரும், அதான் வேலை" என்றான் அவன், பெருமையாகத்தான் சொன்னான். அதற்கு மேல் ஸ்டேட்டஸ். காலையில் வந்து உட்கார்ந்ததும் கம்பெனி போஸ்டரை ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும். சாயங்காலம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போட வேண்டும். குறைவாகக் காட்டியவனை எம்.டி. எல்லார் முன்னாடியும், "ஏண்டா, உன்ற மாமனார் ஊட்லகூட உன்னைய யாரும் பாக்கறதில்லையா" என்று கேட்பான், எல்லாரும் சிரிக்க வேண்டும், கேட்கப்பட்டவனும் சேர்ந்து சிரிக்க வேண்டும். அதற்குப் பயந்துகொண்டு பிரணேஷ் தெரிந்தவன் தெரியாதவன் நம்பரையெல்லாம் சேவ் பண்ணினான். விவசாயி, ஏஜெண்டு, பைப் கடைக்காரர், ஒருதடவை கூப்பிட்டுத் தப்பான நம்பர் என்று வைத்தவன், எல்லாரையும். அவர்களையும் இவன் நம்பரை சேவ் பண்ண வைத்தான். "அண்ணா, நம்பரை சேவ் பண்ணிக்கங்க, தண்ணி டிப்ஸ் வரும்." என்ன டிப்ஸ் வரும். போஸ்டர்தான் வரும். பூமிக்குள்ளே தண்ணி இருக்குதா இல்லையா என்று இந்த ஆபீசில் ஒருத்தனுக்கும் தெரியாது. வியூஸ் இருக்குதா என்று தெரியும்.

லைட்டு சூடாக அடித்தது. நெற்றியில் வேர்த்தது, துடைத்தால் வீடியோவில் துடைத்த கோடு தெரியும், தெரியட்டுமே, நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா. வணக்கம், என் பெயர் பிரணேஷ். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். அதுவரைக்கும் சரியாக வருகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அக்காவாக இருக்கும். கோகிலவாணி அக்கா நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, நகரும்போதெல்லாம் கீய் என்று கத்தும். இவன் வேலைக்கு வந்த முதல் வாரம் எக்செல்லில் கூட்டல் தப்பாகப் போட்டு எல்லா வண்டி டீசலையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டான். "ஏந்தம்பி, இந்த வண்டி அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வந்துருச்சா" என்று அக்கா கேட்டாள். திட்டவில்லை. லோகு வருவதற்குள் சரி பண்ணிக் கொடுத்தாள். அந்த அக்காவின் அப்பா செத்த அன்றைக்குக் காலையில்தான் குரூப்பில் அந்த மெசேஜ் வந்தது. 'அப்பா காலையில தவறிட்டாங்க. இன்னைக்கு வர முடியாதுங்க.' பிரணேஷ் பல் விளக்கிக்கொண்டே பார்த்தான். நுரையோடு நின்றான். அடுத்த மெசேஜ் எம்.டி. போட்டது. 'ஆழ்ந்த இரங்கல்மா. டீசல் ரிப்போர்ட்டு மட்டும் மத்தியானத்துக்குள்ள போட்டு விட்டுரு. ஆறாம் நம்பர் வண்டி நிக்குது.' அதற்குக் கீழே ஒருத்தர் பின்னால் ஒருத்தராகக் கும்பிடுகிற கை. எம்.டி. பிறந்தநாளுக்குப் போட்ட அதே கை. இவனும்தான் போட்டான். போடாமல் இருந்தால் யார் போடவில்லை என்று பார்ப்பார்களே. பல் விளக்கின கையாலேயே ஒரு கையைப் போட்டுவிட்டு வாய் கொப்பளித்தான். த்தூ. மத்தியானம் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே அக்காவின் டீசல் ரிப்போர்ட் வந்து விழுந்தது. வண்டி வாரியாக, லிட்டர் வாரியாக, கூட்டல் ஒன்றுகூடத் தப்பில்லை. எம்.டி. அதற்குக் கட்டைவிரலைத் தூக்கி ஒரு பொம்மை போட்டான். அந்தக் கட்டைவிரல்தான். அதைப் பார்த்தபோதுதான் இவனுக்கு என்னவோ ஆனது. ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதாமலே விட்டிருக்கலாம். கட்டைவிரல்.

சாயங்காலம் வேன் வைத்து எல்லாரையும் அக்கா வீட்டுக் கேதத்துக்குக் கூட்டிப் போனார்கள். சங்ககிரி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஊர், வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் சேர், பெரியவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். எம்.டி. ரோஜா மாலையைப் போட்டான். லோகு போட்டோ எடுத்தான். சரியாக விழவில்லை என்று மாலையை எடுத்து மறுபடியும் போடச் சொன்னான், எம்.டி.யும் போட்டான், செத்தவர் ஒண்ணும் சொல்லப்போவதில்லை என்கிற தைரியம். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா தண்ணி பாட்டில் கொடுக்க வந்தவள் இவன் பக்கத்தில் சித்தே உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "என்ற அப்பன் தலமாட்டுல உக்காந்து லிட்டரைக் கூட்டீட்டிருந்தேன் தம்பி. ஒப்பாரி வெக்கறவங்க, எந்த ஊட்டுக்கு டீசல் வாங்கற புள்ளைன்னு கேக்கறாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை இல்லை. வேன் திரும்பி வரும்போதே லோகு அந்த மாலை போட்டோவைக் குரூப்பில் போட்டான். மேலே எழுத்து, 'எங்கள் குடும்பத்தில் ஒருவரின் துயரத்தில்.' "எல்லாரும் இப்பவே ஸ்டேட்டஸ் வெச்சுருங்க, காலைல வியூஸ் வேணும்." வேனுக்குள் எல்லார் மூஞ்சியிலும் நீல வெளிச்சம். எல்லாரும் வைத்தார்கள். பிரணேஷும் ஃபோனை எடுத்தான். மாலை போட்டோவுக்குப் பதிலாக அன்றைக்கு வந்த மூன்றையும் ஒட்டுக்கா ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்து வைத்தான். அப்பா தவறிட்டாங்க. டீசல் ரிப்போர்ட்டு. கட்டைவிரல். நடுவில் இருந்த கும்பிடு கைகளை மட்டும் வெட்டினான். இடம் பத்தவில்லை. அதுதான் எடிட்டா? அதை வேண்டுமானால் எடிட் என்று சொல்லிக்கொள்ளட்டும். தான் போட்ட கையையும் சேர்த்து வெட்டினானே, அதைச் சொல்ல வேண்டுமா? அடச்சே, அது வேறு.

ஸ்டேட்டஸ் வைப்பதற்கு முன்னாடி ஆள் மறைக்கத்தான் மறைத்தான். எம்.டி., எம்.டி. வீட்டம்மா, லோகு, லோகு சொல்லிச் சேர்ந்த ரெண்டு பேர். ஒவ்வொருத்தராக டிக் அடித்து மறைத்தான். 'ரிக் 9' என்று ஒரு பெயர் இருந்தது, அதைத் தாண்டிப் போய்விட்டான். ஒன்பதாம் வண்டி ஆபரேட்டர் போன மாசம் ராய்ப்பூரில் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்கு ஓடிப்போனதும், அவன் விட்டுப்போன கம்பெனி சிம்மை எம்.டி. தன் ரெண்டாவது ஃபோனில் போட்டுக்கொண்டதும் இவனுக்குத் தெரியும். தெரிந்தும் விட்டான். ஏனென்றால் இங்கே ஆளுக்குப் பெயர் கிடையாது, வண்டிக்குத்தான் பெயர், வண்டியை மறைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும். ஒன்பதாம் நம்பர் வண்டி எம்.டி. கட்டிலில் படுத்துக்கொண்டே ஸ்டேட்டஸ் பார்த்தது. மற்றவர்களும் பார்த்தார்கள். கம்பெனி சொல்லிச் சேர்த்த விவசாயி, ஏஜெண்டு, பைப் கடைக்காரர், தப்பான நம்பர்க்காரன். போஸ்டர் வைத்தால் பத்து பேர் பார்க்க மாட்டான்கள், இதைப் பார்த்தான்கள். ஓமலூர் ஏஜெண்டு ஒருத்தர், 'தம்பி இது நெசமா' என்று கேட்டார். 'நெசம்ணா' என்று போட்டான். அவர் அதை வேறெங்கோ தள்ளிவிட்டார், விடிகாலைக்குள் ஊர் பூராவும் சுற்றி, நாமக்கல் மாமா ஃபோனுக்கே வந்துவிட்டது. வியூஸ் ஏற ஏற அவனுக்கு எப்படி இருந்தது. இதைத்தான் நினைக்கக் கூடாது என்று பார்க்கிறான், மறுபடி மறுபடி இங்கேயே வந்து முட்டுகிறது. நல்லா இருந்தது. படுத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்த்தான். ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது. அக்கா அப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்தார்களா, நெருப்பு வைத்தார்களா என்று ஒருதரம்கூட நினைக்கவில்லை. வியூஸை நினைத்தான். அப்படியானால் எம்.டி. பண்ணினதுக்கும் இவன் பண்ணினதுக்கும் என்ன வித்தியாசம். அவன் மாலையைப் படம் பிடித்தான், இவன் சாவைப் படம் பிடித்தான். ரெண்டு பேருக்கும் செத்தது அக்காவுடைய அப்பாதான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டானா. கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள், அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ. சரி, கேவலமான நாய் என்றே வைத்துக்கொள். வைத்துக்கொண்டாலும், அந்தப் படத்தில் இருந்தது பொய்யா. அங்கேதான் நிற்கிறது. போட்டவன் எதுக்கு வேண்டுமானாலும் போட்டிருக்கட்டும், லைக்குக்கு அலைந்திருக்கட்டும், எம்.டி. அந்த வார்த்தையை எழுதினான், அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து லிட்டரைக் கூட்டினாள். அது நடந்தது. அதை நடக்கவில்லை என்று இந்த வாய் சொல்ல வேண்டுமாம்.

மடியில் கிடந்த ஃபோன் அதிர்ந்தது. நிஜமாகவே அதிர்ந்ததா என்று எடுத்துப் பார்த்தான். நிஜம்தான், குரூப்பில் யாரோ சேறு போட்டோ போட்டிருந்தார்கள். கட்டைவிரல் தானாகவே போய் 'ஓக்கே' போட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வேலை போகப் போகிறவன் ஓக்கே போடுகிறான். அவனுக்கே ஆத்திரமாக வந்தது, ஃபோனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது, அடிக்கவில்லை, புது டிஸ்ப்ளே. அக்காவின் சாட்டைத் திறந்தான். மேலே ஆன்லைன் என்று இருந்தது. நேற்று வந்ததிலிருந்து அக்கா இவன் பக்கம் திரும்பவில்லை. டீ வந்தபோது எல்லாருக்கும் டம்ளரை நகர்த்திவிட்டவள் இவன் டம்ளரைத் தொடவில்லை. கோபமா, பயமா, வெட்கமா, ஒன்றும் தெரியவில்லை, அந்த மூஞ்சியில் ஒரு பொம்மையும் இல்லையே பார்த்துத் தெரிந்துகொள்ள. டைப்பிங் என்று காட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். நின்றது. மறுபடி டைப்பிங். மறுபடி நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் உட்கார்ந்துகொண்டு எழுதி எழுதி அழிக்கிறாள். என்ன எழுதுகிறாய், திட்டித் தொலையேன். ஏண்டா, என்ற அப்பனை ஊருக்கே காட்டினே என்று கேளேன். அம்மா கேட்டாள். நேற்றே லோகு அம்மாவுக்கு ஃபோன் போட்டுவிட்டான். அம்மா தறிக்குடோனிலிருந்து பஞ்சுத் தலையோடு வந்து நின்று, "நீ காலேஜும் வேண்டாம்னுட்டே. லோகு சம்சாரத்துகிட்ட எத்தனை நாளு நடந்து இந்த வேலையை வாங்குனேன் தெரியுமா. எவ ஊட்டு எழவுக்கோ நீயேண்டா இழுத்துப் போட்டுக்கறே" என்றாள். இந்த வேலை போனால் அந்தத் தறிச் சத்தத்துக்குள் போய் நிற்க வேண்டும், அம்மா சொல்வது காதிலேயே விழாது, ஒருவகையில் நல்லதுதான். பயமாக இருந்தது. பயந்தால் பயப்படு, பயந்துகொண்டே கோபப்படலாம், ரெண்டும் ஒரே வயிற்றில்தான் இருக்கிறது. எம்.டி. மேலே கோபம், லோகு மேலே கோபம், கும்பிடு போட்ட அத்தனை பேர் மேலேயும், எழுதி அழிக்கிற அக்கா மேலேயும். ரிப்போர்ட் அனுப்ப முடியாது போடா என்று நீ சொல்லியிருந்தால் நான் இந்த லைட்டு முன்னாடி உட்கார்ந்திருப்பேனா. ஏன் அனுப்பினாய். அனுப்பாவிட்டால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே கேட்கிறேன், ஏன் அனுப்பினாய்.

கதவு திறந்தது. அக்காதான். சார்ஜர் எடுக்க வந்தேன் என்று வெளியே கேட்கிற மாதிரி யாருக்கோ சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். சார்ஜர் எதுவும் அங்கே இல்லை. இருவரும் அந்த வெளிச்சத்துக்குள் இருந்தார்கள், அவள் பாதியும் அவன் முழுசுமாக ஸ்டாண்டு ஃபோனில் தெரிந்தார்கள். அவள் ஃபிரேமை விட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். "இன்னுஞ் சொல்லலையா?" இல்லை என்று தலையாட்டினான். "அக்கா, உங்களக் கேக்காம வெச்சது தப்புங்க்கா." கீழே கிடந்த ஒயரைக் காலால் ஓரம் தள்ளினாள். "என்ற பெரியண்ணன் கேட்டான், பொணம் கெடக்கறப்ப நீ ரிப்போர்ட்டா போட்டேன்னு. இல்லண்ணா, அது எவனோ பண்ணுன எடிட்டுன்னு சொல்லீட்டேன்." பிரணேஷுக்குத் தலைக்குள் என்னவோ நழுவியது. "அண்ணங்கிட்டச் சொன்னதுதான் பொய்யிங்க்கா. எனக்குத் தெரியுமில்ல. உங்களுக்குத் தெரியுமில்ல." "தெரிஞ்சு என்ன பண்றது" என்றாள். "உனக்கு வேலை போனா எனக்கு என்ன நல்லதா. சொல்லீரு தம்பி. எங்கப்பன் எந்திரிச்சு வந்து கேக்கப்போறதில்லை. சொல்லீட்டு வந்து சீட்டுல உக்காரு, ஏழாம் வண்டிக்கு டீசல் கேட்டு இண்டெண்டு போடணும்." குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கோபமாகத் திட்டியிருந்தால் சொல்லிக்கூட இருப்பான். அவள் கதவை முழுசாகச் சாத்தாமல் போனாள்.

பட்டனை அமுக்கினான். சிவப்பு ஓட ஆரம்பித்தது. "வணக்கம். என் பெயர் பிரணேஷ்." குரல் தன் குரல் மாதிரி இல்லை, பைப்புக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. இதுவரைக்கும் நெசம். "நான் ஸ்டேட்டஸில் போட்ட ஸ்கிரீன்ஷாட்" வரைக்கும் வந்தான். அதுவும் நெசம். அடுத்த வார்த்தை தொண்டைக்கு வந்து நின்றது. எச்சிலை விழுங்கினான், அதோடு அதுவும் உள்ளே போனது. அக்கா அண்ணனிடம் சொன்ன பொய் அக்காவுடையது. அவள் வீடு, அவள் அப்பன், அவள் சொல்லிக்கொள்ளலாம். அதை எடுத்து எம்.டி. பையில் வைக்க இவன் யார். அவனுக்காக ஒருத்தி ஏற்கனவே சாவு வீட்டில் கூட்டல் போட்டுக் கொடுத்தது போதாதா. சிவப்பு ஓடிக்கொண்டே இருந்தது. ஃபோனில் தெரிந்த மூஞ்சி அழவும் இல்லை, இளிக்கவும் இல்லை. கதவிடுக்கில் லோகு தலை நீண்டது. "என்னடா, மௌன அஞ்சலியா பண்றே. சொல்லி முடிச்சு அனுப்புடா, எம்.டி. வெயிட்டிங்." பிரணேஷ் ஓடுவதை நிறுத்தி, வந்தவரைக்கும் அழித்து, லைட்டை அணைத்தான். கண்ணுக்குள் வளையம் கொஞ்ச நேரம் பச்சையாக மிதந்தது. வெளியே வந்தபோது அத்தனை தலையும் ஃபோனிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தன. "ஆச்சா?" என்றான் லோகு. "ஆகலைங்ணா." "ஆகலைன்னா என்றா அர்த்தம்?" அக்கா ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமலே, பக்கத்தில் காலியாக இருந்த அவன் நாற்காலியைக் காலால் வெளியே இழுத்து வைத்தாள். "சொல்லீட்டு வந்து உக்காருன்னுதானே சொன்னேன்" என்றாள். அவன் சொல்லவில்லை. உட்காரவும் இல்லை.